ட்யூப் கிட்டார் ஆம்புக்கு மாற்று பவர் டிரான்ஸ்பார்மர் தேடுவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

ஆம்பை ஆன் செய்ததும் ஃபியூஸ் போகிறது. புதிது போட்டால் அதுவும் போகிறது. ஆம்பின் உலோகச் சட்டமான சேசிஸ் பக்கம் மூக்கைக் கொண்டுபோனால் கருகிய வார்னிஷ் வாடை. சரி, பவர் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, ஆம்பின் மாடல் பெயரைச் சொல்லி இன்னொன்று வாங்கி மாட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஆம்பிலேயே கனமான, எளிதில் கிடைக்காத பாகம் இது. தவறான ஒன்றை மாட்டினால் ட்யூப், கண்டன்சர் எல்லாம் சேர்ந்து போகும். மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உங்கள் ஆம்பில் இருக்கும் ட்யூப்கள் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் கேட்கின்றன என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கோடு தேடுங்கள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். ட்யூப் ஆம்பின் ஃபில்டர் கண்டன்சர்களில் 300 முதல் 500 வோல்ட் வரை டிசி தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு முனையிலும் கிளிப் வைத்து, நன்றாக இன்சுலேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை முதலில் சேசிஸில் மாட்டி, மற்றதைக் கண்டன்சரின் பாசிட்டிவ் முனையில் பத்து விநாடி வைத்திருங்கள், ஒரு கையால் மட்டும். பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு கண்டன்சரையும் அளந்து, ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். இதைப் படிக்கும்போதே பயமாக இருந்தால், கணக்கையும் தேடலையும் நீங்கள் செய்துகொண்டு, மாட்டும் வேலையை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

உண்மையிலேயே டிரான்ஸ்பார்மர்தான் போயிருக்கிறதா?

ஃபியூஸ் போவதற்கு டிரான்ஸ்பார்மர் காரணமாக இருப்பது குறைவு. ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் ட்யூப் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம், அந்த வேலையைச் செய்யும் டையோடு ஷார்ட் ஆகியிருக்கலாம், முதல் ஃபில்டர் கண்டன்சர் போயிருக்கலாம், பவர் ட்யூப் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். டிரான்ஸ்பார்மரே எரிந்திருந்தாலும் இவற்றில் ஒன்றுதான் அதை எரித்திருக்கும் என்பதால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிதை மாட்டினால் புதிதும் அதே வழியில் போய்விடும்.

இதற்கு ஒரு சீரிஸ் பல்ப் வேண்டும். பழைய டங்ஸ்டன் குண்டு பல்ப், 60 அல்லது 100 வாட், எல்இடி உதவாது. ஆம்புக்குப் போகும் கரண்ட் முழுவதும் இந்தப் பல்ப் வழியாகப் போகும்படி லைவ் வயரில் சீரிஸாக இணைத்துக்கொள்ள வேண்டும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்து, கரண்ட்டைத் தானே கட்டுப்படுத்திவிடும். ஃபியூஸும் போகாது, வேறெதுவும் எரியாது.

முதலில் எல்லா ட்யூப்களையும், ரெக்டிஃபையர் ட்யூப் உட்பட, கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்ப் ஒரு கணம் மினுங்கி அணைந்துவிட்டால் அல்லது இழை மட்டும் லேசாகச் சிவந்தால், டிரான்ஸ்பார்மர் பெரும்பாலும் நலம், கோளாறு கழற்றிய ட்யூப்களிலோ ரெக்டிஃபையருக்குப் பின்னாலோ இருக்கிறது. பல்ப் பிரகாசமாகவே எரிந்தால் அடுத்த படி: பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சர்களை மறுபடி அளந்து, டிரான்ஸ்பார்மரிலிருந்து வோல்டேஜை வெளியே தரும் செகண்டரி வயர்கள் அத்தனையையும் சோல்டர் எடுத்துக் கழற்றி, ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். எதோடும் இணைக்காத டிரான்ஸ்பார்மர் தனியாக நின்றே பல்பைப் பிரகாசமாக எரியவிட்டால், உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிட்டன. அதற்கு மேல் சந்தேகம் வேண்டாம்.

டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது என்று சொல்லி என்னிடம் ஒரு ஆம்ப் வந்தது. கொண்டுவந்தவர் மாற்று டிரான்ஸ்பார்மரையும் கூடவே வாங்கி வந்திருந்தார். கழற்றுவதற்கு முன் வழக்கம்போல ட்யூப்களை எல்லாம் எடுத்துவிட்டு சீரிஸ் பல்பில் போட்டேன். பல்ப் ஒரு கண்சிமிட்டல் நேரம் மஞ்சளாக மினுங்கி, அப்படியே இருட்டாகிவிட்டது. ரெக்டிஃபையர் ட்யூபை மட்டும் திரும்பச் செருகியதும் பல்ப் அறை முழுக்க வெளிச்சம் போட்டது. அந்த ஒரு ட்யூப்தான் கோளாறு. புதிய ட்யூப் போட்டதும் பழைய டிரான்ஸ்பார்மரோடேயே ஆம்ப் பாடியது, இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. சீரிஸ் பல்ப் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஃபியூஸ் போகவில்லை, ஆனால் ஆம்பில் உயிரே இல்லை என்றால் கதை வேறு. பிரைமரி வைண்டிங், அதாவது வீட்டு மின்சாரம் நுழையும் கம்பிச் சுற்று, அறுந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரைமரியின் இரு முனைக்கும் இடையே ஓம் அளந்தால் நல்ல டிரான்ஸ்பார்மர் சில ஓம் முதல் இருபது ஓம் வரை காட்டும். ஹை வோல்டேஜ் செகண்டரி முனைக்கு முனை ஐம்பதிலிருந்து இருநூறு ஓம் வரை இருக்கலாம், அதன் நடுவிலிருந்து வெளியே வரும் சென்டர் டேப்பிலிருந்து இரு பாதிகளையும் அளந்தால் கொஞ்சம் வித்தியாசம் வரும், வெளிப்பக்கம் சுற்றிய பாதிக்குக் கம்பி நீளம் அதிகம் என்பதால் அது இயல்பு. ட்யூப்களைச் சூடாக்கும் ஹீட்டர் வைண்டிங் ஒரு ஓமுக்கும் கீழேதான் காட்டும், அதை ஷார்ட் என்று நினைத்துவிட வேண்டாம். வைண்டிங்குக்கும் இரும்புக் கோருக்கும் இடையே அளந்தால் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த டிரான்ஸ்பார்மரை மறுபடி கரண்ட்டில் போடவே கூடாது.

இன்னொரு விஷயம்: இப்போது வரும் டிரான்ஸ்பார்மர்கள் சிலவற்றில் பிரைமரிக்குள் ஒரு தெர்மல் ஃபியூஸ் வைத்துச் சுற்றியிருப்பார்கள். அதிகம் சூடானால் அது ஒரே தடவை அறுந்துவிடும், பிரைமரி ஓப்பன் என்று மீட்டர் காட்டும், செகண்டரிகள் எல்லாம் நன்றாகவே இருக்கும். அப்படி அறுந்திருந்தால் ஏன் சூடானது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஃபியூஸை ஷார்ட் செய்து ஓட்டுவது தீவிபத்துக்கு வழி.

பழைய டிரான்ஸ்பார்மரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்

போனது உறுதி என்றால், கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிற வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள், படத்தில் பச்சையும் நீலமும் சில நேரம் ஒன்றாகத் தெரியும். பிறகு மேலே அச்சிட்ட எண்களைப் பாருங்கள். பல பழைய ஃபெண்டர் ஆம்புகளில் பவர் டிரான்ஸ்பார்மர் எண் 125பி என்று தொடங்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் 125ஏ என்று தொடங்கும். அதே டிரான்ஸ்பார்மரில் பெரும்பாலும் 606 என்று தொடங்கும் இன்னொரு எண்ணும் இருக்கும். 606 என்பது ஷூமாக்கர் என்ற தயாரிப்பாளரின் அடையாளம், அதன் பின் வருவது ஆண்டும் வாரமும். புதியவர்கள் இந்தத் தேதி எண்ணைப் பாக எண் என்று நினைத்து நாள் கணக்கில் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

எண் அழிந்துவிட்டது, சர்க்யூட் படமும் கிடைக்கவில்லை, ஆனால் செகண்டரிகள் நன்றாக இருக்கின்றன, பிரைமரி மட்டும் ஓப்பன் என்றால், இறந்த டிரான்ஸ்பார்மரிடமிருந்தே வோல்டேஜைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. எல்லா வயரையும் கழற்றி, டிரான்ஸ்பார்மரை மேசையில் தனியாக வையுங்கள். ஒரு சிறிய 12 வோல்ட் ஏசி டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டை, ஹை வோல்டேஜ் வைண்டிங்கின் இரு வெளி முனைகளுக்கும் கொடுங்கள். பிரைமரி அறுந்திருந்தாலும் ஹை வோல்டேஜ் வைண்டிங்கே இப்போது பிரைமரி வேலையைச் செய்யும். மற்ற வைண்டிங்குகளில் ஏசி வோல்டேஜை அளங்கள். ஹீட்டர் வைண்டிங்கில் 0.116 வோல்ட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது வேலை செய்யும்போது 6.3 வோல்ட் தர வேண்டியது. 6.3ஐ 0.116ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் சுமார் 650. அதாவது உங்கள் ஹை வோல்டேஜ் வைண்டிங் 325-0-325 வோல்ட், சென்டர் டேப்பிலிருந்து இரு பக்கமும் 325. இன்னொரு வைண்டிங்கில் 0.092 வந்தால் அது ரெக்டிஃபையர் ட்யூபுக்கான 5 வோல்ட். கவனம், இதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள். ஹீட்டர் வைண்டிங்கில் 6 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் அறுநூறு வோல்ட்டுக்கு மேல் உண்மையாகவே வந்து நிற்கும். 230 அல்லது 240 வோல்ட் பிரைமரி நன்றாக இருந்தால் அதன் முனைகளிலும் நாலைந்து வோல்ட் வரும், சுற்றுகள் ஷார்ட் ஆன டிரான்ஸ்பார்மரில் இந்தச் சோதனை சரியான எண் தராது.

நான்கு எண்கள்

இப்போது கணக்கு. நமக்கு வேண்டியது நான்கு: பிரைமரி வோல்டேஜும் ஹெர்ட்ஸும், ஹை வோல்டேஜும் அதன் கரண்ட்டும், ஹீட்டர் கரண்ட், ரெக்டிஃபையர் ட்யூப் இருந்தால் அதன் 5 வோல்ட் கரண்ட். பவர் ட்யூப்களின் கிரிட்டுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்டேஜ் கொடுக்கும் ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பாக இருந்தால் ஐம்பது வோல்ட் அளவில் ஒரு பயாஸ் டேப்பும் சேர்த்து.

பிரைமரி பற்றிச் சுருக்கமாக: உங்கள் வீட்டு மின்சாரம் 100, 120, 230, 240 எதுவோ அதற்கேற்ற பிரைமரி. ஹெர்ட்ஸை நிறையப் பேர் கவனிப்பதில்லை. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைத்ததை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் போட்டால் கோரில் காந்தப் புலம் 20 சதவீதம் கூடிவிடும், கோர் திணறி, சூடாகி, உறுமும். 50/60 என்று எழுதியிருந்தால் எங்கும் ஓடும். 50க்குச் செய்ததை 60இல் போடுவதில் சிக்கலே இல்லை. பழைய ஆம்ப் 110 அல்லது 117 வோல்ட்டுக்குச் செய்ததாக இருந்து உங்கள் மின்சாரம் 120க்கு மேல் வருகிறது என்றால், புதிய டிரான்ஸ்பார்மரில் 120 அல்லது 125 வோல்ட் பிரைமரி கேளுங்கள், ஹீட்டர்களுக்கும் கண்டன்சர்களுக்கும் நிம்மதி.

ஹீட்டர் கணக்குதான் மிக எளிது, தவறே வராது. 12ஏஎக்ஸ்7, 12ஏடி7 போன்ற சின்ன ட்யூப்கள் 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர். 6வி6 என்றால் 0.45. இஎல்84 என்றால் 0.76. 6எல்6ஜிசி 0.9. கேடி66 என்றால் 1.3. இஎல்34 என்றால் 1.5. கேடி88ம் 6550யும் 1.6. ஏபி763 சர்க்யூட் உள்ள ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பை எடுத்துக்கொள்வோம். ஆறு சின்ன ட்யூப்கள், 1.8 ஆம்பியர். இரண்டு 6வி6, 0.9 ஆம்பியர். முன்னால் எரியும் சின்ன விளக்கு 0.15. மொத்தம் 2.85 ஆம்பியர். 3 ஆம்பியர் என்று எழுதியது இருந்தாலே ஓடும், ஆனால் நான் மூன்றரை அல்லது நான்குதான் தேடுவேன். ஹீட்டர் வைண்டிங்கில் கரண்ட் அளவு கூடுதலாக இருப்பதால் கெடுதி எதுவும் இல்லை, ட்யூப் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பின்னாளில் 6எல்6 இருக்கும் இடத்தில் இஎல்34 போட ஆசைப்படுபவர்கள் ஒரு ட்யூபுக்கு 0.6 ஆம்பியர் கூடுதலாக இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

5 வோல்ட் பக்கம் ஜிஇசட்34க்கு 1.9 ஆம்பியர், 5ஒய்3க்கு 2, 5யு4ஜிபிக்கு 3. ஆம்பில் சிலிக்கான் டையோடுதான் என்றால் இந்த வைண்டிங் தேவையில்லை, புதியதில் இருந்தால் முனைகளைத் தனித்தனியாக இன்சுலேட் செய்து ஓரமாக வைத்துவிடலாம். சில ஆம்புகளில் இஇசட்81 ரெக்டிஃபையர் இருக்கும், அதற்கு 5 வோல்ட் அல்ல, 6.3 வோல்ட், 1 ஆம்பியர்.

ஹை வோல்டேஜில்தான் நிதானம் வேண்டும், ஆம்பின் குரலே இதைப் பொறுத்துத்தான் அமைகிறது. டிரான்ஸ்பார்மர் தருவது ஏசி, ட்யூபுக்குப் போவது டிசி. சென்டர் டேப் உள்ள வைண்டிங்கில் ஒரு பாதியின் வோல்டேஜை 1.41ஆல் பெருக்கினால் வருவது உச்ச அளவு, சுமை இல்லாமல் கண்டன்சரில் ஏறக்கூடிய அளவு. ட்யூப்கள் கரண்ட் எடுக்கத் தொடங்கியதும் இது இறங்கும். டையோடு என்றால் சுமையோடு 1.3 மடங்கு அல்லது சற்றுக் கூட, ஜிஇசட்34 என்றால் 1.25 பக்கம், 5ஒய்3 என்றால் 1.1 அளவுக்கே இறங்கும், ஏனென்றால் 5ஒய்3 தனக்குள் மட்டும் 125 மில்லி ஆம்பியரில் 60 வோல்ட் விழுங்கிவிடும். டீலக்ஸ் ரிவெர்ப் சர்க்யூட் படத்தில் 330-0-330 என்றும் பி பிளஸ், அதாவது ட்யூபுக்குப் போகும் டிசி, 415 வோல்ட் என்றும் போட்டிருக்கும். 415ஐ 330ஆல் வகுத்துப் பாருங்கள், 1.26, ஜிஇசட்34க்குச் சொன்ன அதே மடங்கு. இப்படி உங்கள் ஆம்பின் சர்க்யூட் படத்தில் பி பிளஸ் மட்டும் எழுதியிருந்தாலும், பின்னோக்கி வகுத்து ஏசியைக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, 330 கிடைக்கவில்லை, 350-0-350 கிடைக்கிறது, இருபது வோல்ட்தானே என்று தோன்றும். 350ஐ 1.41ஆல் பெருக்குங்கள்: 494. டையோடு ரெக்டிஃபையர் உள்ள ஆம்பில், பவர் ட்யூப்கள் சூடாவதற்கு முந்தைய சில விநாடிகளில் கண்டன்சர் மேல் இந்த 494ம் ஏறி நிற்கும், அங்கே இருப்பது 450 வோல்ட் கண்டன்சர் என்றால் அது தாங்காது. பத்துப் பதினைந்து வோல்ட் குறைவாகக் கிடைத்தால் தைரியமாக எடுக்கலாம், ஆம்ப் சற்று மென்மையாகப் பாடும், அவ்வளவுதான். கூடுதலாக இருந்தால் கண்டன்சர், ட்யூப், பயாஸ் மூன்றையும் யோசித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். குறைவு பக்கம் சாய்வதுதான் என் வழக்கம்.

கரண்ட்டுக்கு ட்யூபின் டேட்டா ஷீட்டில் அதிகபட்ச சிக்னலில் எடுக்கும் அளவைப் பாருங்கள். 6வி6 ஜோடி, புஷ்-புல்லில், 285 வோல்ட்டில் பிளேட் கரண்ட் 92, ஸ்கிரீன் 13.5, ஆக 105 மில்லி ஆம்பியர் சொச்சம். சின்ன ட்யூப்களின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு மில்லி ஆம்பியர் என்று பத்துப் பதினைந்து சேர்த்தால் 120. ஆகவே 150 மில்லி ஆம்பியர் உள்ள டிரான்ஸ்பார்மர் வசதியானது. 6எல்6ஜிசி ஜோடி 450 வோல்ட்டில் பிளேட்டும் ஸ்கிரீனும் சேர்த்து 230 வரை போகும். இந்தக் கரண்ட் எண் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது, ஆனால் இரண்டு மடங்குக்குப் போக வேண்டாம். சுமை குறைவாக இருந்தால் வோல்டேஜ் எழுதியதைவிட மேலே நிற்கும், டிரான்ஸ்பார்மரும் சேசிஸில் இடம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக வரும்.

பிரிட்ஜ் ரெக்டிஃபையர் உள்ள ஆம்பில், அதாவது சென்டர் டேப் இல்லாமல் நான்கு டையோடு வைத்ததில், கணக்கு மாறும். அங்கே டிசி கரண்ட், ஏசி கரண்ட்டில் 0.62 பங்குதான் எடுக்கலாம். 120 மில்லி ஆம்பியர் டிசி வேண்டுமென்றால் 120ஐ 0.62ஆல் வகுத்து, 195 மில்லி ஆம்பியர் ஏசி உள்ளதாகப் பார்க்க வேண்டும். சென்டர் டேப் வகையில் இரண்டும் ஏறக்குறைய சமம். விற்பவர் 150 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது ஏசியா டிசியா என்று கேளுங்கள், இந்த ஒரு கேள்வியில் பல தவறுகள் தப்பும்.

தேடும்போது

கையில் எண்கள் இருந்தால் தேடல் சுருங்கிவிடும். ஹம்மண்ட், மெர்குரி மேக்னெடிக்ஸ், ஹேபோயர் போன்ற தயாரிப்பாளர்கள் பிரபல ஆம்புகளுக்கு நேரடி மாற்று செய்கிறார்கள். ஹம்மண்டின் 290 வரிசை கிட்டார் ஆம்புக்காகவே உள்ளது. நேரடி மாற்று என்று எழுதியிருந்தாலும் அவர்கள் தரும் விவரத் தாளை உங்கள் எண்களோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு சர்க்யூட் வந்திருக்கும், ரெக்டிஃபையர் மாறியிருக்கும், ஏற்றுமதிக்குச் செய்ததில் பிரைமரி வேறாக இருக்கும்.

நேரடி மாற்று இல்லாதபோது பொதுவான ட்யூப் டிரான்ஸ்பார்மர் எடுக்கலாம், சிறு குறைகளைச் சரிக்கட்ட வழி உண்டு. ஹீட்டர் வைண்டிங்கில் சென்டர் டேப் இல்லையா, 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டை ஒவ்வொரு முனையிலிருந்தும் எர்த்துக்குப் போட்டால் போதும், ஹம் வராது. பயாஸ் டேப் இல்லையா, ஹை வோல்டேஜின் ஒரு முனையிலிருந்து பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் வழியாக டையோடு வைத்து எடுக்கலாம், பல மார்ஷல் சர்க்யூட்டுகளில் அப்படித்தான் இருக்கிறது. ஹீட்டர் கரண்ட் போதவில்லை அல்லது ஹை வோல்டேஜ் ஐம்பது வோல்ட் தள்ளி இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், அதைச் சரிக்கட்டப் போய் ஆம்பையே மாற்றிக் கட்ட வேண்டி வரும்.

பழைய ரேடியோ, ஆர்கன் போன்றவற்றிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மரும் நன்றாகவே உழைக்கும். சீரிஸ் பல்ப் சோதனையும், வைண்டிங்குக்கும் கோருக்கும் இடையே இன்சுலேஷன் சோதனையும் செய்யாமல் மட்டும் மாட்டாதீர்கள். பல பத்தாண்டு ஈரத்தை வாங்கிய காகித இன்சுலேஷன் மல்டிமீட்டரில் நன்றாகத் தெரிந்தாலும், 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மெகரில் வைத்தால்தான் உண்மையைச் சொல்லும்.

எனக்கு மிகவும் மதிப்பு உள்ள வழி ரீவைண்டிங். உங்கள் டிரான்ஸ்பார்மரையே திரும்பச் சுற்றுவது. கோரும் மூடியும் துளைகளும் பழையவையே என்பதால் சேசிஸில் அப்படியே உட்காரும். மோட்டார் சுற்றுபவர் எல்லோராலும் இது முடியாது. ஹை வோல்டேஜ் வைண்டிங்குக்கு மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று வரும், ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே காகிதம் வைக்க வேண்டும், முடிந்ததும் வார்னிஷில் முக்கிச் சூட்டில் காயவைக்க வேண்டும். பிரித்து எடுக்கும்போது சுற்றுகளை எண்ணச் சொல்லுங்கள், குறைந்தபட்சம் ஹீட்டர் வைண்டிங்கை எண்ணினாலே ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது தெரிந்துவிடும், மற்றவை கணக்கில் வரும். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே செம்புத் தகடு ஷீல்டு இருந்தால் அதைத் திரும்ப வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். அந்தத் தகட்டின் இரு ஓரமும் ஒன்றையொன்று தொடவே கூடாது, தொட்டால் அதுவே ஒரு ஷார்ட் ஆன சுற்று.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. படுத்த வாக்கில் சேசிஸ் துவாரத்துக்குள் பாதி இறங்கி உட்காரும் வகை ஒன்று, நிமிர்ந்து மேலே நிற்கும் வகை ஒன்று. திருகுத் துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை இரு பக்கமும், சேசிஸ் துவாரத்தின் நீள அகலம், பெட்டிக்குள் ஸ்பீக்கர் காந்தம் வரை உள்ள இடைவெளி எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் திசையும் முக்கியம். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் கோருக்குப் பவர் டிரான்ஸ்பார்மரின் கோர் 90 டிகிரி திரும்பி இருப்பது காந்தப் புலம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாமல் இருக்கத்தான். துளை சரியாக வரவில்லை என்று திருப்பி மாட்டினால், வால்யூமை முழுவதும் குறைத்தாலும் போகாத ஹம் வந்து உட்கார்ந்துவிடும்.

மாட்டுவதும் முதல் முறை ஆன் செய்வதும்

அமெரிக்க வழக்கத்தில் பிரைமரி கருப்பு, ஹை வோல்டேஜ் சிவப்பு, அதன் சென்டர் டேப் சிவப்பில் மஞ்சள் கோடு, 5 வோல்ட் மஞ்சள், ஹீட்டர் பச்சை, அதன் சென்டர் டேப் பச்சையில் மஞ்சள் கோடு. மற்ற இடங்களில் செய்தவை இதைப் பின்பற்றாது, கூட வந்த தாளைப் பாருங்கள், மீட்டரில் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு 120 வோல்ட் பிரைமரி தனித்தனியாக இருந்தால் 120க்கு இணையாகவும் 240க்குத் தொடராகவும் கட்ட வேண்டும், தொடக்க முனை எது முடிவு முனை எது என்பது மாறினால் டிரான்ஸ்பார்மர் ஷார்ட் போலவே நடந்துகொள்ளும், சீரிஸ் பல்ப் அதையும் காட்டிக்கொடுக்கும்.

கையோடு கையாக, பழைய இரட்டைக் கம்பி பவர் கார்டு இருந்தால் மூன்று கம்பி கார்டாக மாற்றி, எர்த்தை சேசிஸில் தனித் திருகில் இறுக்குங்கள். லைவ் வயர் முதலில் ஃபியூஸுக்கு, பிறகு சுவிட்சுக்கு. பிளக்கின் ஒரு கம்பியிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டன்சர் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் நேரடியாக மின்சாரம் வரும். ஃபியூஸ் சேசிஸில் எழுதிய அளவுதான், ஸ்லோ ப்ளோ வகை. பெரிதாகப் போட்டு ஓட்டிய ஃபியூஸால்தான் பல டிரான்ஸ்பார்மர்கள் எரிகின்றன.

முதல் முறை ஆன் செய்யும்போது ட்யூப் எதுவும் இருக்கக் கூடாது, சீரிஸ் பல்ப் கட்டாயம் இருக்க வேண்டும். பல்ப் மினுங்கி அணைந்ததும் ஒவ்வொரு செகண்டரியையும் ஏசியில் அளங்கள். பல்ப் வழியே வருவதால் எண்கள் சற்றுக் குறையலாம், அதனால் எல்லாம் சரியாகத் தெரிந்தபின் பல்பை எடுத்துவிட்டு ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். சுமை இல்லாதபோது எழுதியதைவிட ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஹீட்டர் 6.8 காட்டினால் பதற வேண்டாம், எல்லா ட்யூபும் ஏறியதும் 6.3 பக்கம் வந்துவிடும். சுமையோடும் 6.9ஐத் தாண்டினால்தான் பிரச்சினை.

அப்புறம் மறுபடி பல்போடு, ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பில் பவர் ட்யூப் சாக்கெட்டின் கிரிட் முனையில் நெகட்டிவ் வோல்டேஜ் வருகிறதா என்று பார்த்துவிட்டு, ரெக்டிஃபையர் ட்யூப், சின்ன ட்யூப்கள், கடைசியில் ஸ்பீக்கர் இணைத்து பவர் ட்யூப்கள் என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் பல்பைப் பாருங்கள். பவர் ட்யூப்கள் சூடாகும்போது பல்ப் மெதுவாக ஒளிர்வது இயல்பு, முழுப் பிரகாசத்துக்குப் போனால் உடனே அணையுங்கள். எல்லாம் அமைதியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு பி பிளஸை அளந்து, பயாஸைப் புதிதாக அமைக்க வேண்டும். பழைய பயாஸ் பழைய வோல்டேஜுக்கு அமைத்தது.

ஒரு மணி நேரம் வாசியுங்கள், சத்தமாகவும் வாசியுங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரான்ஸ்பார்மரின் மூடி மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருக்கும், ஆனால் ஐந்தாறு விநாடி கை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஹீட்டர் கரண்ட்டையும் பயாஸையும் மறுபடி சரிபாருங்கள். எல்லாம் சரியென்றால் நீங்கள் அளந்த வோல்டேஜ்கள், தேதி, டிரான்ஸ்பார்மரின் பாக எண், வயர் நிறங்கள் எல்லாவற்றையும் ஒரு சிறு தாளில் எழுதி, பெட்டியின் உட்பக்கப் பலகையில் சூடு படாத இடமாகப் பார்த்து ஒட்டிவிட்டு, பின்பலகையைத் திருகி மூடுங்கள்.